அரை நிமிடத்துக்கு ஒரு ‘இருக்கிறேன்’

கனகராயன்குளம்,
வைகாசி 18.

பெறாமகன் அனோஜனுக்கு,

சித்தப்பா அப்புத்துரை எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நல்ல சுகம், உமது சுகத்தையும் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன், இனி உண்மையை எழுதுகிறேன். நீர் கனடாவில் வேலை செய்கிற கொம்பனியிலிருந்து அனுப்பிய இன்டர்நெட் டெலிபோன் பெட்டி வந்த பிறகு என் மகள், உமது தங்கச்சி தாட்சாயினியின் கலியாணம் குழம்பிப்போய் நிற்கிறது.

பெட்டி வந்த புதிதில் நான் உம்மைப் புகழாத இடமில்லை. எங்கள் வீட்டுக்குள் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது, குளக்கட்டில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு தெரியும். பெட்டியை ரவுட்டரோடு பொருத்தியதும் கதிரையில் இருந்தபடியே கதைக்க முடிந்தது. ஆனால் தாட்சாயினியின் லப்டொப்பில் அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. அது சும்மா இருக்கவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருக்கால் உமது கொம்பனியின் சேர்வருக்கு ஒரு வெற்றுச் செய்தி அனுப்புகிறது. உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை, ‘இருக்கிறேன்’ என்பதுதானாம் கருத்து. சேர்வரும் ‘நானும் இருக்கிறேன்’ என்று இன்னொரு வெற்றுச் செய்தியைத் திருப்பி அனுப்புகிறதாம். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது தரம்! முப்பத்தொரு வருடம் உப தபாலகத்தில் முத்திரை குத்தியவன் நான். ஒருவர் வெறும் உறையைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் அவரை ஏற இறங்கப் பார்த்து அனுப்பியிருப்பேன்.

உம்மிடம் கேட்டேன். நீரும் பொறுமையாகத்தான் சொன்னீர். “சித்தப்பா, அது போய்க்கொண்டிருந்தால்தான் வழி திறந்திருக்கும். கொஞ்ச நேரம் ஒண்டும் போகாட்டி உங்கட ரவுட்டர் வழியைப் பூட்டிப்போடும். பிறகு வெளியில இருந்து ஆர் எடுத்தாலும் உள்ளுக்க வராது. உள்ளுக்க இருந்து நீங்கள் எடுத்தால்தான் திரும்பத் திறக்கும்.” கனடாவுக்குப் போன பிள்ளைகள் இப்படித்தான் கதைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய சேர்வரை அரை நிமிடத்துக்கு ஒருக்கால் தட்டி “இருக்கிறியளோ, இருக்கிறியளோ” என்று கேட்பது என்ன மரியாதை? எங்கள் குடும்பம் அப்படி வளர்ந்த குடும்பமா? ஆகவே அந்த இடைவெளியை நானே மாற்றி, நாளுக்கு ஒரு தரம் என்று போட்டேன். காலையில் சாமி கும்பிட்ட கையோடு ஒருக்கால் வணக்கம் சொன்னால் காணும்.

அடுத்த கிழமைதான் பூநகரியிலிருந்து முத்துலிங்கத்தார் குடும்பம் பிள்ளையைப் பார்க்க வந்தது. மாப்பிள்ளை தர்சன் விஞ்ஞான வாத்தியார். வடையில் இரண்டு எடுத்துவிட்டு மூன்றாவதுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார், எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இதற்கு முன் வந்த ஏழு இடத்துக்கும் தலையை ஆட்டி ‘வேண்டாம்’ என்ற உமது தங்கச்சி, அவர்களுடைய வான் படலையைத் தாண்ட முன்னமே “எனக்குச் சரி அப்பா” என்றாள். உமது சித்தி கமலாசனி குசினிக்குள் போய் நின்று அழுதாள், சந்தோஷத்தில்தான். முத்துலிங்கத்தார் போகும்போது, “வீட்டில கதைச்சுப்போட்டு ரெண்டு நாளில எடுக்கிறம்” என்று தன் இலக்கத்தைத் தந்தார். நானும் பெட்டியின் இலக்கத்தை என் கையால் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையின் கைத்தொலைபேசி இலக்கத்தை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை.

இரண்டு நாள் பத்து நாளாகிவிட்டது. பெட்டி வாய் திறக்கவில்லை. தாட்சாயினி பெட்டியின் ரிசீவரை எடுத்துத் துடைத்துவிட்டு வைக்கிறாள், நேற்று மட்டும் ஐந்து தரம் துடைத்தாள். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை, மகனே. கமலாசனி, “ஒருக்கால் நீங்கள்தான் எடுத்துக் கேளுங்கோவன்” என்றாள். “பொம்பிளை வீட்டுக்காரர் முதல் எடுக்கிறதோ? என்ர பிள்ளை என்ன விலைப்படாத சாமானோ?” என்று சத்தம் போட்டுவிட்டேன். பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊர் முறை.

பெட்டியில் பிழையோ என்று உமக்கு மூன்று தரம் எடுத்தேன் அல்லவா? மூன்று தரமும், “வையுங்கோ சித்தப்பா, நான் திருப்பி எடுத்துப் பாக்கிறன்” என்றீர். வைத்த கையோடு மணி அடித்தது. “வடிவா வேலை செய்யுதுதானே!” என்று சிரித்தீர். டொக்டரைக் கண்டதும் மாறிவிடுகிற வயிற்றுவலி மாதிரி, நான் முறையிடும்போது மட்டும் அதற்கு நல்ல சுகம்.

ஆகவே நான் தீர யோசித்துக் கண்டது இது. ஒன்றில் உமது பெட்டி பிழை, அல்லது முத்துலிங்கத்தார் பிழை. மூன்றாவதாக ஒருவர் இந்த விஷயத்தில் இல்லவே இல்லை. இந்த இடம் சரிவராது என்று நாளைக்குக் கலியாணத் தரகருக்குச் சொல்லிவிடப் போகிறேன். பெட்டியை நீரே வந்து எடுத்துக்கொண்டு போம்.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் உமக்கும் பெண்சாதி பிள்ளைகளுக்கும் நோய்நொடியில்லாத சீவியத்தையும், உமது கொம்பனிக்குக் கொஞ்சம் அடக்க ஒடுக்கத்தையும் தருவாராக.

மனவருத்தத்துடன்,
உமது சித்தப்பா
சி. அப்புத்துரை
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்

பி.கு.: ஆங்கிலத்தில் முகவரி எழுதித் தருவதற்காகக் கடிதத்தை வாங்கிய தாட்சாயினி, இருந்து முழுவதையும் வாசித்துவிட்டாள். என்னை ஒருக்கால் பார்த்தாள். லப்டொப்பைத் திறந்து, நான் மாற்றியதைப் பழையபடி மாற்றினாள். பிறகு ரிசீவரை எடுத்து, முத்துலிங்கத்தார் தந்த இலக்கத்தை அழுத்தத் தொடங்கினாள்.

“பிள்ளை, வேண்டாம். நாங்கள் முதல் எடுக்கிறேல்லை.”

“நாங்கள்தான் பூட்டினது அப்பா. நாங்கள்தான் திறக்கவேணும்.”

மறுபக்கத்தில் முத்துலிங்கத்தார்தான் ரிசீவரை எடுத்தார். “மாமா, நான் தாட்சாயினி கதைக்கிறன். எனக்குச் சம்மதம். உங்கட பக்கம் என்ன மாதிரி?”

அந்த மனிதர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “ஐயோ பிள்ளை, பத்து நாளா விடாமல் எடுக்கிறம்! உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு இஞ்ச ஒருத்தன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறான். பொறுங்கோ, அவனிட்டையே குடுக்கிறன்.”

ஆவணியில் நாள் பார்க்கப் போகிறார்கள். மேலே எழுதியதை எல்லாம் நான் வெட்டிவிட்டதாக நினைத்து வாசி, மகனே. பெட்டியை எடுக்க வரவேண்டாம், தங்கச்சியின் கலியாணத்துக்கு வா. மூன்றாவது ஆள் யாரென்று மட்டும் உன் சித்திக்குச் சொல்லிவிடாதே.

தர்சன் ரிசீவரை வாங்கிக் கால் மணித்தியாலம் ஆகிறது. இவள் இன்னும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வைக்கவும் இல்லை.