பசு தின்ற அத்தியாயம்

நெருப்பு கக்கும் பறக்கும் பாம்பிடம் அடிபட்டவர்கள் சாகலாமா, கூடாதா? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. பி.ஏ. படித்தேன், அதற்குரிய பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வைக்கவில்லை.

இந்தக் கேள்வியை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர், பொம்மிடியில் எங்கள் தெருவில் குடியிருந்த மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். எருமையையும் அரக்கனையும் ஒரே ஊசியால் குணப்படுத்திய மனிதர் தர்மபுரி ஜில்லாவில் அவர் ஒருவர்தான். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. மாடுகளுக்கு அது தேவைப்படவில்லை, எங்களுக்கும்தான்.

அமெரிக்காவிலிருந்த அவர் மைத்துனர், வேட்டி சட்டைக்குப் பதிலாக ஒரு விளையாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை தெம்பு என்று ஒரு கணக்கு உண்டு, அடிபட அடிபட அது குறையும். கம்பவுண்டர் பகடையை முதல் வாரமே தொலைத்துவிட்டு, புளியங்கொட்டைகளில் நம்பர் எழுதி மருந்து டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் ஆட்டம். வங்கி குமாஸ்தாவான என் கணவர், சைக்கிள் கடை அந்தோணி, சித்தேரி பஸ் கண்டக்டர், நான். என் மடியில் கைக்குழந்தை. மூச்சு வருகிறதா என்று அதன் மூக்கருகே விரலை வைத்தபடியே நான் அரக்கர்களோடு போரிட்டேன்.

"மாட்டுக்குப் பாக்கறவன் சொல்றேன்னு நெனைக்காதீங்க தங்கச்சி. கன்னுக்குட்டி நல்லா இருக்குது" என்று கம்பவுண்டர் வாராவாரம் சான்றிதழ் கொடுப்பார். நானும் வாராவாரம் நம்பமாட்டேன்.

அவருடைய அரக்கர்கள் எல்லாருமே பாப்பிரெட்டிப்பட்டி மாட்டுச் சந்தையில் பிடித்து வந்தவர்கள் போலிருப்பார்கள். "குகைக்குள்ள பறக்கற பாம்பு படுத்திருக்குதுங்க. ஆறு பல்லு போட்டது. நெத்தியில சுழி சரியில்ல."

"பாம்புக்கு ஏதுங்க சுழி?" என்பார் அந்தோணி.

"கிட்டப் போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஒருமுறை அந்தப் பாம்புக்கே கோமாரி நோய் கண்டு, வாயில் நுரை தள்ளியதால் நெருப்பு வரவில்லை. நாங்கள் அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

எங்கள் ஆட்டத்தில் யாரும் சாகமாட்டார்கள். காரணம் கருணை இல்லை, பசு. கம்பவுண்டர் புத்தகத்தைத் தீவனத் தொட்டிமேல் வைத்துவிட்டு ஊசி போடக் குனிந்தபோது, சாவு பற்றிய அத்தியாயத்தை ஒரு சீமைப்பசு தின்றுவிட்டது. பிறகு அவரே விதி எழுதினார்: தெம்பு பூஜ்யமானால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், ஆள் இரண்டு வாரம் கட்டுத்தறியில் ஓய்வெடுக்க வேண்டும்.

இப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் மைத்துனர் புதிய பதிப்பை அனுப்பித் தொலைத்தார். பளபளவென்ற அட்டை, பல முகப் பகடைகள், யாரும் தின்னாத முழு அத்தியாயங்கள். தெம்பு போனால் ஆள் போனான் என்று அதில் தெளிவாக இருந்தது. இதற்கு மாறுவதா என்று முடிவு செய்யப் பாராளுமன்றம் கூடியது.

"புது சர்க்குலர் வந்தா பழசு செல்லாது" என்றார் என் கணவர். வீட்டில் நான் சொல்லும் எந்தப் புது சர்க்குலரையும் அவர் இப்படி மதித்ததில்லை.

"அதேதானுங்க. ரூல்ஸுன்னா ரூல்ஸு" என்றார் கண்டக்டர்.

அந்தோணி கொதித்துவிட்டார். மாதம் ஒருமுறை கட்டுத்தறிக்குப் போகிறவர் அவர். "ஆண்டவரே மூணாம் நாளு எந்திரிச்சாரு. எம் ஆளு ரெண்டு வாரம் கழிச்சி எந்திரிச்சா உங்களுக்கு என்னாங்க நட்டம்?"

"அப்ப அடுத்த வாரம் கோயில்ல உங்க ஆளையே பிரசங்கம் வைக்கச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

கம்பவுண்டர் தன் ஓட்டு பழையதற்கே என்றார். இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க படிச்சவங்க தங்கச்சி. சொல்லுங்க."

சொன்னேன். என் பதிலில் நான்கைந்து 'ஆனால்'களும் ஒரு 'இருந்தாலும்' என்பதும் இருந்தன. பாதியிலேயே கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டார். ஒரே ஒரு வாரம் புதிய புத்தகத்தில் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஆனது.

அந்த வாரம் தீர்த்தமலைக்கு அடியில் ஒரு குகை, உள்ளே பறக்கும் பாம்பு. புதுப் பகடை மேஜையில் உருண்டு நின்றது. என்னுடைய வில்லாளி செங்காந்தளின் தெம்பு பூஜ்யம். அவளுக்கு அடையாளமாக வைத்திருந்த புளியங்கொட்டை மேஜை நடுவில் தனியாகக் கிடந்தது.

தினமும் மாடு வளர்க்கும் சம்சாரிகளிடம், "போயிருச்சுங்க, குழி வெட்டுங்க" என்று கூசாமல் சொல்கிறவர் கம்பவுண்டர். அன்று புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழந்தையின் மூக்கருகே இருந்த என் விரலைப் பார்த்தார். பிறகு அந்தப் புளியங்கொட்டை மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

"இருங்க... லேசா நாடி இருக்குதுங்க."

"பொஸ்தகத்துல அப்பிடி இல்லீங்களே!" என்று கண்டக்டர் கத்தினார்.

"பொஸ்தகம் எழுதுனவரு இங்க வந்து தொட்டுப் பாத்தாருங்களா?"

முடிவு எடுப்பதற்குள் அவருக்கு ஓசூர் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. இரண்டு புத்தகங்களையும் மருந்து டப்பாவையும் என்னிடம் கொடுத்து, "எதுன்னு நீங்களே பாத்துக்கங்க" என்று ரயிலேறினார். அரசாங்கமே தள்ளிப்போடும் முடிவுகளை ஒரு கம்பவுண்டர் இப்படித்தான் என் தலையில் தள்ளினார்.

அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது கதை கேட்கும் வயது. டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். போன வாரம் ஆட்டம் தொடங்கிவிட்டோம். உலகம் இருக்கிறபடி அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் தாயின் கடமை என்று பகலில் தோன்றுகிறது. சாயங்காலம் அவள் டப்பாவைக் குலுக்கும்போது என் விரல் தானாக நாடி பார்க்கக் கிளம்புகிறது.

வாசகர்களே, எந்தப் புத்தகத்தைத் திறக்கட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவளுக்குத் தெம்பு இரண்டுதான் பாக்கி.