‘என்னங்க’ என்றால் யார் வருவது?

மதிப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாசத்துக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா பெற்ற வாலு எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா பொய் சொல்ல மாட்டேன் என்கிறது. உங்கள் நலத்தை விசாரிப்பது மரியாதை, விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் கூப்பிடாமல் இந்தக் காலத்தில் எந்த மடச்சாம்பிராணி கடிதம் எழுதும் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் வாய்விட்டு எதையும் பேச முடியாது. பேசினால் குண்டு கேட்கும்.

வெடிக்கிற குண்டு இல்லை மாமா, இது கேட்கிற குண்டு. கால்பந்தில் பாதி அளவு, உருண்டையாக, வெள்ளையாக, சாப்பாட்டு மேசையின் நடுவில் உட்கார்ந்திருக்கும். விளக்கு போடும், கதவு பூட்டும், மாத்திரை சாப்பிட நினைவூட்டும். ‘குடும்பத்தோடு இருக்க உங்களுக்கு நேரம் தரும்’ என்று அதன் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதைச் செய்கிற குடும்பத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது போலிருக்கிறது. குண்டின் உடம்பு அப்பாவின் பொறுப்பு, மூளை அம்மாவின் பொறுப்பு. அதாவது வன்பொருள் அப்பா, மென்பொருள் அம்மா. குணத்தைப் பார்த்தால் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றும். அம்மாவிடம் குட்டு வாங்கி வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருகிற வியாழக்கிழமை குண்டுக்கு அறிமுக விழா. ‘வெளியீடு, வெளியீடு’ என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் எப்போதும் வெளியே. நாளெல்லாம் பிழை திருத்துவதுதான் அவர்கள் பிழைப்பு, வீட்டுக்கு வந்தால் ஒருவரிடம் ஒருவர் பிழை பார்ப்பது பொழுதுபோக்கு.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், குண்டைத் தூக்கத்திலிருந்து எழுப்ப ஒரு சொல் வேண்டும். யாரும் அடிக்கடி சொல்லாத சொல்லாக இருக்க வேண்டும் என்பது விதியாம். போன வருஷம் குரல் பதிவு செய்த அன்றைக்கு அம்மா மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவை, “என்னங்க, கேக்குதா?” என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. இன்னும் சொல் எதுவும் வைக்காததால் யார் எதைச் சொன்னாலும் விழித்துக்கொண்டிருந்த குண்டு, பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு “சொல்லுங்க” என்றது. இவர்களுடைய மேலதிகாரி அப்போது பக்கத்தில் இருந்தார். அனுப்புகிற அத்தனை மின்னஞ்சலுக்கும் ‘அவசரம்’ என்றே தலைப்பு வைப்பவர் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயரும் அதுதான். “இதான் மேடம் சொல்லு! எல்லார் வீட்லயும் இருக்கிற சொல்லு!” என்று அவசரம் குதித்தாராம். எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே ஐயா சிக்கல் என்று அங்கிருந்த ஒரு மேதைக்கும் தோன்றவில்லை.

அப்புறம் என்ன, பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம், “என்னங்க, கதவப் பூட்டுங்க” என்று அவர் வீட்டுக்காரரிடம் சொன்னார்; எங்கள் குண்டு பவ்வியமாக எங்கள் கதவைப் பூட்டியது; துண்டோடு பால்கனியில் சட்டை எடுக்கப் போன அப்பா அங்கேயே நின்றார். தொலைக்காட்சியில் யாரோ ஒரு மனைவி “என்னங்க” என்று அழுதால் எங்கள் வீட்டு விளக்கெல்லாம் மினுக் மினுக். நானும் அம்மா குரலில் ஒன்றிரண்டு முறை கூப்பிட்டு, அப்பாவும் குண்டும் ஒரே நேரத்தில் “என்ன?” “சொல்லுங்க” என்று விழுந்தடித்ததைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நாளாக ஆக விளையாட்டு விபரீதமானது. அம்மா கூப்பிட்டால் குண்டு முந்திக்கொள்ளும். அப்பா தலையைத் தூக்குவார், அப்புறம் குண்டைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஸ்குரூடிரைவரிடமே திரும்பிவிடுவார். கொஞ்ச நாளில் தலையைத் தூக்குவதையும் விட்டுவிட்டார். ஒரு நாள் அம்மா, “நான் உங்களத்தான் கூப்பிட்டேன்” என்றார். அப்பா, “அதுதான் உடனே பதில் சொல்லுதே, நான் எதுக்கு?” என்றார். அன்றைக்குப் பிறகு இருவரும் வேலையைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை மாமா. நான் சத்தியமாக மிகைப்படுத்தவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படியுங்கள். போன வெள்ளிக்கிழமை அப்பா பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அவசரத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். குண்டுக்குச் சூடு ஏறுகிறது என்று ஹாலில் பெரிய மின்விசிறி ஒன்று விமானம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவுக் கண்ணாடியில் காதை ஒட்டினேன். (ஒட்டுக்கேட்பது தப்பு, ஒட்டிக் கேட்டதாக எடுத்துக்கொள்ளவும்.) “விழா முடிஞ்ச மறுநாளே... வீட்ட விட்டுப் போறேன் சார். ஒரு வருஷம். அவகிட்ட இன்னும் சொல்லல.” இவ்வளவுதான் கேட்டது. எனக்கு இதற்கு மேல் கேட்கவும் தெம்பில்லை. வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு யாரோ போக வேண்டும் என்ற பேச்சு ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த யாரோ அப்பாதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

நேற்று கடைசிச் சோதனை. ‘சோதனை’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஏன் வைத்தார்கள் என்று நேற்றுதான் புரிந்தது. அலுவலகத்தில் மேடை கட்டுகிற இடிச்சத்தம் என்று அவசரம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கூடவே குரல் பகுதியைப் பார்க்கிற ஒரு சின்னப் பொறியாளர் அண்ணன். பக்கத்து வீட்டு அக்காவுக்கெல்லாம் குண்டு எழுந்திருக்கக் கூடாது என்பதற்காக, பதிவில் உள்ள அம்மா குரலுக்கு மட்டுமே விழிக்கிற மாதிரி முந்தின ராத்திரிதான் இறுக்கி வைத்திருந்தார்கள். விழா மேடையில் கூப்பிடப் போவதும் அம்மாதான்.

அம்மா கூப்பிட்டார். “என்னங்க.”

குண்டு கம்மென்று இருந்தது.

“என்னங்க!” அசைவில்லை. “என்னங்க!!” நான் பயந்துபோய் “சொல்லுங்கம்மா” என்றேன், யாரும் சிரிக்கவில்லை.

“மேடம், வியாழக்கெழம இப்படி ஆச்சுன்னா நாம எல்லாரும் வேற வேல தேட வேண்டியதுதான்” என்று அவசரம் நெற்றியைத் துடைத்தார்.

“மைக் ஓட்டைக்கு முன்னால இருக்கிற ரப்பர மாத்தினீங்களா?” என்று அம்மா அப்பாவைக் கேட்டார்.

“என் ரப்பர் மேல பழி போடாத. நேத்து வரைக்கும் கேட்டுட்டுதானே இருந்தது? ராவோட ராவா நீ எதையோ மாத்தியிருக்க.”

“ஆமா, எல்லாத்தையும் நான்தான் மாத்தறேன். நீங்க அப்படியேதான் இருக்கீங்க!”

இது ரப்பரைப் பற்றிய பேச்சு இல்லை என்று அவசரத்துக்கே புரிந்துவிட்டது, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போது அந்தப் பொறியாளர் அண்ணன் மடிக்கணினியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பாவம், உண்மையைச் சொல்கிறோம் என்ற நினைப்பில் சொன்னார்: “மைக் நல்லா இருக்கு சார். மேடம் வேலையும் சரிதான். குரல்தான் ஒத்து வரல. போன வருஷம் கூப்பிட்ட ‘என்னங்க’ வேற, இப்ப கூப்பிடற ‘என்னங்க’ வேற. ஆளே வேறன்னு நெனைக்குது.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். அப்புறம் குண்டைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், மெதுவாக, “என்னங்க...” என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது. “சொல்லுங்க” என்றது குண்டு. அதே நொடியில் அப்பாவும், “சொல்லும்மா” என்றார். கையிலிருந்த ஸ்குரூடிரைவர் கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார் மாமா, அது மட்டும் நிச்சயம். அதற்குள் அவசரம், “ஆஹா! இதே மாதிரி! இதே மாதிரி மேடையில கூப்பிடுங்க மேடம்!” என்று கையைத் தட்டி, போனை எடுத்து, ஊரையே கூப்பிட்டு, இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போயேவிட்டார். அம்மா சொல்ல வந்தது வாயோடு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தால் அப்பா கிளம்பிவிடுவார். அதற்குள் அது சொல்லப்பட வேண்டும். குட்டினாலும் அம்மா அடங்கிக் கேட்பது உங்கள் பேச்சைத்தான், அப்பா சிரிப்பதும் உங்கள் ஜோக்குக்கு மட்டும்தான் (என் ஜோக் தரமானது, அவருக்கு ரசனை போதாது). ஆகவே எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, புதன்கிழமைக்குள் வந்து, இருவரையும் ஓர் அறையில் தள்ளி, குண்டை வெளியே வைத்துக் கதவைச் சாத்தும்படி காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கால் அங்கே இருப்பதால் தொடும் வேலையை வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

மாமிக்கு என் வணக்கங்கள், உங்கள் வீட்டுச் சிறுசுகளுக்கு என் ஆசிகள். ஆசி வழங்கும் வயது எனக்கு வராவிட்டாலும் இந்த வாரம் நிறைய வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட தங்கள்
வாலு

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் அப்பா வந்து நின்றார். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன், “வீட்ட விட்டு எப்பப் போறீங்க?” அவர் முழித்த முழியை வரைந்துகாட்ட எனக்குத் திறமை இல்லை. “வீட்ட விட்டா? வேலைய விட்டு வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன் வாலு. ஒரு வருஷம் லீவு. அவ கூப்பிட்டா நான் கேக்கற தூரத்துல இருக்க வேணாமா?” என்றார். ‘வேலைய’ என்பதை விசிறி தின்றுவிட்டது, மிச்சமிருந்த ‘விட்டு வீட்டுக்கு’ என்பதை என் காது ‘வீட்ட விட்டு’ என்று திருப்பித் தைத்துக்கொண்டது. உள்ளேயிருந்து அம்மா கூப்பிடவே, அவர் உடனே போனார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் வெளியே வரவில்லை. ஆகவே மேலே எழுதிய எதற்காகவும் நீங்கள் வர வேண்டாம். ஆனால் உடனே வாருங்கள். ஒரு வருஷம் முழுக்க, நாள் தவறாமல், அப்பா வீட்டில் இருக்கப் போகிறார் மாமா. இனி திருத்தப்போகும் பிழை நான்தானாம். எப்படியாவது பேசி அவரை அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பிவையுங்கள்.