முழுக்க வீண்

வைன் குடிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. குடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் ஒரு வகை. குடிப்பதற்கு முன்பே பேசத் தொடங்குபவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது. (என் மனைவி வதனியைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்பாள்: குடிக்காத நாளிலும் பேசுகிறவர்கள்.)

இந்த வியாதி எனக்குப் பிரான்சில் தொற்றியது. டென்மார்க்கின் இக்காஸ்டில் நான் வேலை செய்யும் கம்பனி, பேர்கண்டிப் பக்கம் இருந்த தன் கிளைக்கு என்னை ஒரு வருடம் அனுப்பியது. வதனியும் மகள் ஆரணியும் இங்கே இருந்தார்கள். நான் அங்கே ஒரு வெதுப்பகத்துக்கு மேலே ஓர் அறையில் இருந்தேன். போன புதிதில் பாண் வாங்கவே திண்டாடினேன். கீழே இறங்கி, பாடமாக்கி வைத்த பிரெஞ்சில் "ஒரு பாண்" என்பேன். கடைக்கார அம்மா என்னைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்ப்பார். நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி என்று பொருமிக்கொண்டு மேலே போய் பிஸ்கட் தின்பேன். கொஞ்ச நாளில் விளங்கியது. அந்த ஊரில் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லாதவனுக்குப் பாண் இல்லை. அதற்குப் பிறகு நான் நாய்களுக்கும் வணக்கம் சொன்னேன்.

வணக்கம் சொல்லத் தொடங்கியதும் அதே அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிட்டார். மத்தியானம் மேசையில் இருந்தால் பொழுதுபடும் வரை யாரும் எழும்ப மாட்டார்கள். நடுவில் ஒரு போத்தல் இருக்கும். நம் ஆட்கள் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பற்றிக் கதைப்பது போல அவர்கள் அந்தப் போத்தலைப் பற்றிக் கதைப்பார்கள்: எந்தக் காணி, எந்தப் பக்கத்து வெயில், அந்த வருடம் மழை எப்படி. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

திரும்பி வந்தவன் மனிதனாக வரவில்லை என்று வதனி சொல்வாள். சாமத்தியச் சடங்கு வீட்டில் கையில் கொடுத்த தோடம்பழச் சோடாவைச் சுழற்றி மணந்து பார்த்தேன். கொண்டாட்டங்களில் கராஜுக்குள் நின்று விஸ்கியில் கோலா கலந்து நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்த அண்ணைமாரிடம் சுண்ணாம்பு மண்ணின் மகிமையை விளக்கினேன். அவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள், அதுவும் பனியில்.

எங்கள் கந்தோரில் ஒரு வைன் கழகம் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பிரான்ஸ் போய்வந்த பெருமையில் நானும் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால், வைனுக்காக மட்டும் சேரவில்லை. இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தும் ஒரு டேனிஷ்காரர் என் வீட்டு மணியை அடித்ததில்லை, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரைத் தவிர. பக்கத்து மேசையில் இருக்கும் ஹென்றிக் தன் பூனையின் சலரோகம் வரை என்னிடம் சொல்வான். ஆனால் வாசல் படி மிதித்ததில்லை. அது எனக்குள் ஒரு குறையாகவே இருந்தது. என் முறை வந்தபோது, அந்த ஒரு மாலையை வைத்து எல்லாவற்றையும் நிமிர்த்திவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் குடும்பத்தோடு பேர்கண்டிக்குக் காரில் போய், கடைகளுக்கே கொடுக்காத ஒரு தோட்டக்காரரிடம் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். வரும் வழியெல்லாம் பெட்டி பின்சீட்டில் இருக்கைப் பட்டி போட்டு இருந்தது. ஆரணி அதற்கு இடம் விட்டு ஒடுங்கி இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியின் கீழ் உள்ள அலுமாரிக்குள் வைத்தேன். தொடக் கூடாது என்று எல்லோருக்கும் சொன்னேன்.

எல்லோருக்கும் என்றால், அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து இன்னும் வந்து சேராத மாமாவைத் தவிர.

மாமா வதனியின் அப்பா. தன் மூத்த அண்ணனைக் குடிக்குப் பறிகொடுத்தவர், அதனால் அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். நான் கிளாசோடு இருந்தால் எழும்பி மேலே போய்விடுவார். டென்மார்க்கில் அவருக்குக் கோடையிலும் தடிமன். அதனால் வதனி தினமும் ஒரு பெரிய சட்டியில் மிளகு ரசம் வைப்பாள். இந்த நாட்டில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயம் குப்பைத் தொட்டிகள். காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக், தகரம் என்று படம் ஒட்டி வரிசையாக நிற்கும் தொட்டிகளைக் கண்டதும் மனிதர் சொக்கிப்போனார். ஒரு தேநீர்ப் பையைக்கூடக் கழற்றி, தேயிலை ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவார்.

குறித்த சனிக்கிழமை நான் சீஸ் வாங்கப் பக்கத்து ஊர் ஹேர்னிங்குக்குப் போய், எதை வாங்குவது என்று கடைக்காரிக்கு வகுப்பெடுத்ததில் பிந்திவிட்டேன். வதனி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். டேனிஷ்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றார்கள். எல்லோரையும் இருத்தி, சீஸை வைத்து, அந்தத் தோட்டத்தின் மண்ணைப் பற்றி ஒரு பேருரை ஆற்றினேன். "இனி நீங்களே குடித்துப் பாருங்கள்" என்று சொல்லி எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன்.

கூட்டித் துடைத்த இடத்தில் விருந்தாளிகளின் சப்பாத்துகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. பெட்டி இல்லை.

மாமா குசினியில் நின்றார்.

"மாமா, இதுக்குள்ள ஒரு பெட்டி இருந்ததெல்லோ?"

"ஓம் தம்பி. ஆக்கள் வருகினம் எண்டு இடத்தைத் துப்புரவாக்கினனான். பெட்டிக்குள்ள என்ன எண்டு பிள்ளையைக் கேட்டன். வீண் எண்டவள். முழுக்கவும் வீணோ எண்டு கேட்டன். ஓமெண்டு தலையாட்டினவள்."

டேனிஷ் மொழியில் வைனை 'வீன்' என்பார்கள். ஆரணி வீட்டில் எதற்கும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். மேலே போய்க் கேட்டேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "யா, வீன்" என்றாள். பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

திரும்பி வந்தேன். மாமா தொடர்ந்தார். "சும்மா எறியேல்லைத் தம்பி. மேசை லாச்சிக்குள்ள ஒரு திருகி கிடந்தது, நல்லாத் திறக்குது. தண்ணியை ரோசாவுக்கு ஊத்தினன். போத்தலைக் கழுவி, லேபிளைச் சுடுதண்ணியில ஊறவைச்சு உரிச்சு, தாளைத் தாளுக்கும் கண்ணாடியைக் கண்ணாடிக்கும் போட்டன். தக்கை மட்டும் எந்தத் தொட்டிக்கெண்டு தெரியேல்லை, எடுத்து வைச்சிருக்கிறன்."

கோபம் உச்சிக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அதை விட்டிட்டன் எண்டு நீங்கள் சொல்லாட்டிலும் எனக்கு விளங்கினது. எல்லாம் வீண் எண்டு ஒதுக்கி வைச்சிட்டியள். பிள்ளையைக் கட்டிக் குடுத்த நாள் தொடக்கம் எனக்கு இந்தப் பயம் இருந்தது தம்பி. இனி இல்லை."

திறந்த வாயை மூடினேன். இந்த மனிதர் வந்த நாளிலிருந்து என் கிளாசைக் கண்டு எழும்பிப் போனது வெறுப்பில் அல்ல, பயத்தில் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, ரசம் கிடக்கு" என்றாள் வதனி.

"எனக்கு இப்ப சிரிக்கிற நிலைமை இல்லை."

"சிரிக்கச் சொல்லேல்லை. ஊத்துங்கோ."

சுப்பர் மார்க்கெட்டுக்கு ஓடி ஏதாவது போத்தலோடு வந்தால் மாமாவின் முகம் என்னாகும் என்று யோசித்தேன். ஊற்றினேன். பேர்கண்டி வைனுக்கென்றே வாங்கிய பெரிய வயிற்றுக் கிளாசுகளில் மிளகு ரசம். மாமா வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, குடி இல்லாத சபை என்ற நிம்மதியில் எங்களோடு அமர்ந்தார்.

ஹென்றிக் கிளாசைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டான். "மிளகு" என்றான். பிறகு, "உள்ளியா?" என்றான். ஒரு மிடறு குடித்தான். முகம் சிவந்து, இருமி, கண்ணைத் துடைத்தான். தொண்டையில் தங்கும் ருசிக்கு வைன்காரர்கள் சொல்வது போல, "நல்ல நீளமான முடிவு" என்றான் மரியாதையாக.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடந்ததை டேனிஷில் சொன்னேன். தமிழில் 'வீண்' என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்று சொன்னதும் கழகம் மேசையில் விழுந்து சிரித்தது. மாமாவின் பயத்தையும் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. கழகத்தின் தலைவி கிர்ஸ்டன் தன் கிளாசை மாமாவிடம் நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

"என்னவாம் தம்பி, சிரிக்கினம்?"

"உங்கட ரசம் நல்லாயிருக்காம் மாமா."

பொய் இல்லை. சட்டி காலியாகிவிட்டது. பிறகு ஹென்றிக் அந்த ரோசாவைப் பார்க்க வேண்டும் என்றான். வைன் கழகம் முழுவதும் தோட்டத்தில் முழங்காலில் நின்று மண்ணை அள்ளி மணந்தது. "நீ சொன்னது உண்மைதான், எல்லாம் மண்ணில்தான் இருக்கிறது" என்றான் ஹென்றிக். தன் ரோசாவைத்தான் மெச்சுகிறார்கள் என்று மாமா எல்லோருக்கும் ஒவ்வொரு பூ பறித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஹென்றிக் எங்கள் வீட்டு மணியை அடிப்பதில்லை. பின்பக்கத்தால் வந்து ரசம் இருக்கிறதா என்று கேட்கிறான். யார் எதை வாங்கி வந்தாலும் எங்கள் வீட்டில் முதல் கேள்வி, "முழுக்கவும் வீணோ?" என்பதுதான். மாமா இருக்கும் திசையில் மட்டும் நான் குடியை விட்டவனாகவே இருந்தேன்.

போன வருடம், ஊர் திரும்பிவிட்ட மாமாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போனபோது அதுவும் முடிந்தது. ஆரணி வளர்ந்து, ஆசையோடு தமிழ் படித்து, அந்தத் தமிழில் முதல் வேலையாக அம்மப்பாவுக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் மாமா குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு எங்கோ போய் வந்தார். பேப்பரில் சுற்றிய ஒரு போத்தலை என் முன்னால் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சாராயக் கடைப் படி ஏறியிருக்கிறார்.

"கடைக்காரன் நல்லது எண்டுதான் தந்தவன். அண்டைக்கு உங்கட சாமானைக் கொட்டினதுக்கு. ஒரு கிளாஸ் மட்டும், என்ன? நான் பக்கத்தில இருக்கிறன்."

எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினேன். சுழற்றினேன். இருமல் மருந்து போல மணந்தது, சீனிப் பாணி போல இனித்தது. மாமா எழும்பிப் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எப்பிடித் தம்பி?"

என் வாழ்க்கையில் ஒரு வைனைப் பற்றி நான் சொன்ன மிகச் சின்ன விமர்சனம் அதுதான்.

"வீண் போகேல்லை மாமா."