முதல் பரிசு பெற்ற பூங்கா

உலகத்தில் அழகில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. தள்ளி நின்று பார்க்கிற ஆட்கள்தான் இருக்கிறார்கள். நகரப் பூங்காத் துறையின் 'அதிகாரபூர்வ' புகைப்படக்காரன் என்ற முறையில் இந்த உண்மையை மனித குலத்துக்கு அறிவிக்கிறேன்.

எங்கள் பூங்கா ஐந்து ஏக்கர். உடைந்த பெஞ்சு இரண்டு, ரோஜாச் செடி ஒன்று, மீதியெல்லாம் புழுதி. தோட்டக்காரர் தினமும் தன் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அந்தச் செடியைக் காப்பாற்றி வந்தார். குழாய் கேட்டு மூன்று மனு கொடுத்திருந்தார்.

அப்போதுதான் 'சிறந்த பூங்கா' போட்டி வந்தது. படம் அனுப்பினால் போதும். துறை இயக்குநரே நேரில் வந்து மேற்பார்வை பார்த்தார்.

"இன்னும் கிட்டப் போங்க."

"பெஞ்சு மறைஞ்சிடுச்சு சார்."

"புழுதி தெரியுதா?"

"ஓரமா, கொஞ்சம்."

"அப்ப இன்னும் கிட்ட!"

பூ காற்றில் ஆடாமலிருக்கத் தோட்டக்காரர் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவர் விரல் விழுது சார்."

"வெட்டிடுங்க."

தோட்டக்காரர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"படத்துலய்யா!" என்றார் இயக்குநர்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். மறுநாளே தோட்டக்காரர் நான்காவது மனுவோடு வந்து நின்றார்.

"சார், முதுகு போச்சு. இனிமே குடம் தூக்க முடியாது. அந்த ஒரு செடிக்காவது குழாய் போட்டுக் குடுங்க."

இயக்குநர் படத்தைக் காட்டினார். "இதழ் மேல எத்தனை துளி பாருங்க. இவ்வளவு தண்ணி இருக்கிற இடத்துக்குக் குழாய் எதுக்கு?"

"அது வீட்டுக் குடத்துலேருந்து நான் தெளிச்சது சார்."

"தெளிக்கத் தண்ணி இருந்துச்சுல்ல?"

மனு 'தக்க ஆதாரத்துடன்' நிராகரிக்கப்பட்டது. ஆதாரம், என் படம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாராட்டுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டேன்.

கோடையில் செடி காய்ந்துபோனது. தோட்டக்காரர் அதை வேரோடு கொண்டுவந்து இயக்குநரின் மேசைமேல் வைத்தார்.

"நல்லா கிட்ட வந்து பாருங்க சார்."

இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

இந்த வருடமும் போட்டி வந்தது.

"எடுக்கறதுக்குப் பூவே இல்லையே சார்?" என்றேன்.

"போன வருஷப் படம் இருக்குல்ல? அதுல ஒரே ஒரு இதழை மட்டும் பெருசாக்கி அனுப்புங்க."

அனுப்பினேன். மறுபடியும் முதல் பரிசு. நடுவர்கள் ஒருமனதாக எழுதியிருந்தார்கள்: 'பூங்கா போன வருடத்தைவிட இன்னும் செழித்திருக்கிறது.'