ஏழாம் நம்பர் அறையில் ஆள் இல்லை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யை ஒருவழியாகத் தாண்டியவன் நான். மில்லில் காலை ஷிப்டுக்கு வருகிறவர்களின் பெயருக்கு நேரே கோடு போடுவது என் வேலை. அதைத் தவிர இதுவரை எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். (அதையும் என் மனைவி படித்துப் பார்த்துத் திருத்தித்தான் அனுப்புவாள்.) அப்படிப்பட்டவன் கட்டுரை எழுதலாமா என்றால், கூடாதுதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையை வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவருகிறார்கள். போன பொங்கலுக்கு என் மைத்துனன் சொன்னதில் நான் ஜன்னல் வழியாகக் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டேன். நான் குதிக்கவில்லை. குதிக்கிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா அம்மா இல்லை. உடுமலையில் அக்கா வீட்டில் இருந்தேன். மாமாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். பகல் முழுவதும் தூங்குவார். ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஒருவர் பகலில் தூங்கினால் மற்றவர்கள் எப்படி இருக்க வேண்டும்? தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போடவும், தும்மலை வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்ளவும் நான் நன்றாகப் பழகியிருந்தேன். மாமா ஒரு நாளும் என்னைப் போகச் சொன்னதில்லை. ஆனால் அக்காவுக்கு மூன்றாவது குழந்தை பிறக்க இருந்தது. அதற்குத் தொட்டில் கட்ட வேண்டிய இடத்தில்தான் நான் பாய் விரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியின் குடோனில் குமாஸ்தா வேலைக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தங்க இடமும் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தது. வேலையைவிட அந்த வரியைத்தான் நான் பலமுறை படித்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நான் திங்கட்கிழமையே போய்விட்டேன். (ரயிலைத் தவறவிட்டால்? எர்ணாகுளத்தில் படகைத் தவறவிட்டால்? தவறவிடக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நாள் ஒதுக்கியிருந்தேன்.)

கடைத்தெரு நடுவில் ஒரு பழைய ஓட்டல். கீழே சாப்பாட்டுக் கடையும் ஆபீசும், மேலே மர மாடியில் அறைகள். எனக்கு ஏழாம் நம்பர். அதன் ஜன்னலைத் திறந்தால், கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில், சந்துக்கு அந்தப் பக்கம், நான் இன்டர்வியூவுக்குப் போக வேண்டிய அதே மிளகுக் கடை. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் வழுக்கைத் தலைக்காரர், கண்டிப்பானவர். வந்ததுமே ஆபீசில் இருந்த ஆணிப்பலகையைக் காட்டி, "சாவி இவிடெ மாட்டணும், கேட்டோ. மறக்கருது" என்றார்.

நான் மறக்கவில்லை. வெளியே போகும்போது மாட்டினேன். திரும்பி வந்ததும் சாவியை எடுத்துப்போய் அறையைத் திறந்துவிட்டு, பூட்டைத் திறந்தபடியே கொண்டியில் தொங்கவிட்டு, மறுபடி கீழே வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மேலே போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இதையெல்லாம் செய்தேன். பார்த்தால் ஏதாவது பேசுவார். பேசினால் பதில் சொல்ல வேண்டும். எனக்கோ மலையாளம் தெரியாது. (தமிழிலும் அப்போது அதிகம் பேசியவனில்லை.)

ஆக, நான் அறையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் சாவி ஆணியில்தான் இருந்தது. அந்த ஓட்டலைப் பொறுத்தவரை ஏழாம் நம்பர்க்காரன் எப்போதும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிற பெரிய வியாபாரி.

சாப்பாட்டுக் கடையில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை சாயா. மற்றதற்கெல்லாம் பக்கத்தில் இருப்பவர் சாப்பிடுவதைக் கைகாட்டுவேன். அப்படித்தான் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாத வேளையில் வெறும் சாயா.

அறைகளுக்கு நடுவே பலகைச் சுவர். அது கூரை வரைக்கும் போகாது. எட்டாம் நம்பரில் ஒரு பல்பொடி ஏஜெண்ட் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சிலிருந்தே தெரிந்தது. காலையில் பையோடு போய்விட்டுச் சாயங்காலம் வருவார். வந்ததும் பேச ஆரம்பிப்பார். முதல் நாள் அவருக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் மனைவி எழுதிய கடிதத்தை உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்னவன் எம் போட்டாவப் பாத்து மாமான்னானா? பின்ன என்ன செய்வான் பிள்ள, வருசத்துக்கு ரெண்டு தடவ பாத்தா? கோமதி, நீ கோவிக்காத. நா என்ன வேணும்னா ஊர் ஊராச் சுத்துதேன்?"

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதவில்லை. கோமதி என்பதும் நான் வைத்த பெயர்.

நடுவில் இருமி, நான் இருக்கிறேன் என்று காட்டியிருக்கலாம். ஆனால் முதல் நாள் இருமாமல் விட்டுவிட்டு இரண்டாம் நாள் இருமினால், முதல் நாளும் கேட்டது தெரிந்துவிடும் அல்லவா? கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஊரைவிட்டு வந்தபின் நான் கேட்ட தமிழ் அது ஒன்றுதான். புதன்கிழமை சாயங்காலம் அவர் வரக் கொஞ்சம் தாமதமானபோது, நான் மாடிப்படிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கீழே போய்க் குளித்தேன். வந்து அறையைத் திறந்து, வழக்கம்போலச் சாவியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, எட்டரைக்குள் சட்டை வேட்டி எல்லாம் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே துடைப்பச் சத்தம். அறை பெருக்குகிறவர் என் கதவின் முன்னால் நின்றார். ஆபீசில் சாவி தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் போலிருக்கிறது.

"ஈ தமிழன் பூட்டாதெ போயல்லோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூட்டை அழுத்துகிற சத்தம் கேட்டது.

கதவுக்கும் எனக்கும் இரண்டடி தூரம். ஆளில்லை என்று நினைத்துப் பூட்டுகிறார், திடீரென்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் பாவம் பயந்துபோவாரே என்று நினைத்தேன். (இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.) துடைப்பச் சத்தம் படி இறங்கிப் போய்விட்டது.

ஒன்பது மணி வரை யாராவது வருவார்கள் என்று இருந்தேன். ஒன்பதுக்கு இருமினேன். அந்தச் சந்தில் மிளகும் சுக்கும் பறக்கிற தூசியில் ஊரே இருமிக்கொண்டிருந்தது. அங்கே இருமாதவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்பதரைக்குக் கதவைத் தட்டினேன். மாமா தூங்கும்போது தட்டுவதுபோலத் தட்டினேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே கடை வாசல் பெஞ்சில் என்னைப்போலவே எண்ணெய் வைத்த நாலு தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

கணக்குப்பிள்ளை வெளியே வந்தார். பாலக்காட்டுத் தமிழர். எல்லோரும் சாமி என்று கூப்பிடுவார்கள். கையில் காகிதம்.

"உடுமலைலேர்ந்து சண்முகம்னு ஒருத்தன் வந்திருக்கானோ?"

நான் கையைத் தூக்கினேன். மாடி ஜன்னலை எதற்காகப் பார்ப்பார்? பெஞ்சைத்தான் பார்த்தார்.

"சண்முகம் உண்டோ?"

"இருக்கேனுங்க" என்றேன். நடுவில் ஒரு கைவண்டி போயிற்று.

"ஆளைக் காணோம். சரி, அடுத்த பேரு..."

அப்போது எனக்கு அக்கா வீட்டு மூலையும் என் பாயும் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாயைத் திறந்தேன். என்ன கத்துவது என்று யோசிக்க நேரமில்லை. பெயரைக் கூப்பிட்டால் உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாராவது கற்றுக்கொடுத்திருந்தது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான்.

"உள்ளேன் ஐயா!"

அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது என்பதை நம்ப எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. சந்து அப்படியே நின்றது. சுமை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நிமிர முடியாமல் நிமிர்ந்தார்கள்.

"எங்கேர்ந்தாக்கும் சத்தம்?" என்றார் சாமி.

"முகளில், சாமி, முகளில்" என்று ஒரு சுமைக்காரர் மேலே கை காட்டினார்.

சாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நீ அங்கே என்ன பண்றாய்?"

"இன்டர்வியூக்கு வந்திருக்கேனுங்க."

"இன்டர்வியூ இங்கேயாக்கும்."

"தெரியுமுங்க."

"பின்னே இறங்கி வா."

"பூட்டியிருக்குதுங்க."

"எப்போ பூட்டினா?"

"எட்டரைக்குங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டரைலேர்ந்து வாயைத் திறக்காம, மிண்டாம நிக்கறாயா?"

இதற்குள் மேனேஜர் சந்துக்கு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாமியிடம் அமைதியாகச் சொன்னார்: "ஏழாம் நம்பரில் ஆளில்ல. சாவி இவிடெ உண்டல்லோ."

"பின்னே அங்கே நிக்கறது ஆராக்கும்?"

மேனேஜர் என்னை அண்ணாந்து பார்த்தார். உள்ளே போய் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "ஆளில்ல" என்றார். நான் கம்பிக்குப் பின்னால் நின்று, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

கூட்டத்தில் பல்பொடி ஏஜெண்டும் இருந்தார். கையில் பையோடு அண்ணாந்து, முதலில் என் ஜன்னலைப் பார்த்தார், பிறகு அதற்கு அடுத்த தன் ஜன்னலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கதவைத் திறந்த மேனேஜர், "அகத்து இருக்கும்போள் சாவி எந்தினா ஆபீஸில்?" என்று கேட்டார். உள்ளே இருக்கும்போது சாவி எதற்கு ஆபீசில் என்று. மூன்று நாளில் அந்த ஓட்டலில் என்னிடம் கேட்கப்பட்ட இரண்டாவது கேள்வி அது. முதல் கேள்வி என் பெயர்.

இன்டர்வியூ நடந்தது. கிலோ கணக்கு வந்த புதிது. ராத்தலுக்கும் கிலோவுக்கும் உள்ள வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொன்னேன். சாமி தலையாட்டிக் கேட்டார்.

"கணக்கு நன்னா வரது. ஆனா இந்த வேலைக்குக் கணக்கு ரெண்டாவதாக்கும். மூட்டை இறங்கறச்சே நம்பரைக் கூவிச் சொல்லணும். மாத்தித் தூக்கினா தடுக்கணும். உன்னை உள்ளே வச்சுப் பூட்டினவனையே நீ தடுக்கலையேப்பா."

அவர் சொன்னதில் தப்பில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மாடி வராந்தாவில் பல்பொடி ஏஜெண்ட் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, நீ எப்ப வந்த?"

"திங்கக்கிழமைங்க."

"சாயங்காலமெல்லாம் எங்க இருப்ப?"

"அறையிலதானுங்க."

அவர் பலகைச் சுவரைப் பார்த்தார். "ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லீங்க" என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

இதுவரைதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் கல்யாணமான புதிதில் நானே அக்காவிடம் சொல்லித்தொலைத்தேன். அக்கா என் மனைவியிடம் சொன்னாள். அன்றிலிருந்து நான் குளியலறையில் இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால், நான் வாயைத் திறக்கும் முன்பே சமையலறையிலிருந்து, கூடத்திலிருந்து, மாடியிலிருந்து பதில் வந்துவிடும்: "உள்ளேன் ஐயா." என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று "சண்முகம் சார் இருக்காருங்களா?" என்று கேட்டபோதுகூட என் பையன் அதைத்தான் சொன்னான். (சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளையும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.)

இன்டர்வியூ அன்று சாயங்காலம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. எதுவும் கேட்கவில்லை என்று பல்பொடி ஏஜெண்டிடம் சொல்லிவிட்ட பிறகு எப்படிச் சொல்வது?

அவர் ஆறு மணிக்கு வந்தார். படி ஏறுகிற சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. வெகுநேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. கட்டில் முனகியது, அவ்வளவுதான். ஒரு மனுஷனுக்கு அந்த ஊரில் வாய்விட்டுப் பேச இருந்த ஒரே இடத்தையும் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று தோன்றியது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். போகும்போது கதவுச் சத்தம் கேட்குமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பலகையில் இரண்டு தட்டு.

"தம்பி, இருக்கியா?"

அந்த ஓட்டலில் யாரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. அக்கா வீட்டிலும் கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். பிறகு, "வேல என்னாச்சு?" என்றார்.

"இல்லீங்க."

"ம்." காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது. "இன்னிக்கு ஒரு காயிதம் வந்துருக்கு. படிக்கட்டுமா?"

"படிங்க."

படித்தார். இந்தத் தடவை நடுநடுவே, "கேக்கியா தம்பி?" என்று கேட்டார். நானும் "கேக்கறேனுங்க" என்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை அவர் ஆலப்புழைக்குப் போய்விட்டார். நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படகேறினேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா இன்னும் எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.