ரசமட்டம் சார் முடைந்த கூடை

கூடை விளிம்பு கட்ட ஒரே ஒரு மரப்பட்டை குறைந்தது. ரசமட்டம் சார் ஊறல் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தண்ணீர்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற சர்வேயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, குமிழி ஓடும் அந்தச் சின்ன ரசமட்டம் இருக்கும். யார் வீட்டுச் சுவரிலாவது படம் கோணலாகத் தொங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெயர் வந்தது அப்படித்தான்.

மனைவியோடு மரப்பட்டைக் கூடை வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்று சாயங்காலம் மருமகள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். "பேத்தி துணியெல்லாம் என் கூடையிலதான்" என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

"எதுக்கும் இருக்கட்டும்னு பிளாஸ்டிக் கூடை ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி, தரையில் உட்கார்ந்து தன் பட்டையை நீவியபடி.

"தேவையே இல்ல."

வகுப்பு மேசைக்கடியில் நாலாக மடிந்து நசுங்கிய பட்டை ஒன்று கண்ணில் பட்டது. இழுத்தார். கொஞ்சம் அடம் பிடித்துவிட்டு வந்தது. அதை ஊறவைத்து, விளிம்பைச் சுற்றிக் கட்டினார். முழங்கால் உயரக் கூடை! மேசைமேல் நிறுத்தி, விளிம்பில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி இடப்பக்கம் ஓடியது.

"இடப்பக்கம் தூக்கியிருக்கு."

"குழந்தைக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதே!"

கட்டை அவிழ்த்தார். இடப்பக்கம் இரண்டு விரல் உயரம் வெட்டினார். மறுபடி கட்டினார். குமிழி சமர்த்தாக நடுவில் நின்றது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்த்து நம்புகிறவரா அவர்? கூடையை அப்படியே திருப்பி வைத்தார். குமிழி முன்னைவிட வேகமாக இடப்பக்கமே ஓடியது.

வெட்டினார், திருப்பினார். திருப்பினார், வெட்டினார்.

"போதுங்க" என்றாள் மனைவி. "சுவரெல்லாம் இடிச்சு அஸ்திவாரத்துக்கே வந்துட்டீங்க."

"இன்னும் ஒரே ஒரு விரல்!"

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபோது கூடை தட்டாகியிருந்தது. குமிழி அப்போதும் இடப்பக்கம்தான். ரசமட்டம் சார் ரசமட்டத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"முதல் பேத்தி. என் கையால ஒண்ணு செஞ்சு குடுக்கணும்னு ஆசைப்பட்டேன். நாற்பது வருஷம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவனுக்கு இது வரலையே!"

மனைவிக்குக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. "தட்டுன்னே சொல்லிக் குடுப்போம். ஒரு ஜோடி சாக்ஸ் தாராளமா வைக்கலாம்."

பெருக்க வந்த அம்மாள் மேசையில் கை ஊன்றினாள். மேசை 'டக்'கென்று சாய்ந்தது. குனிந்து அடியில் பார்த்தாள், நிமிர்ந்து தட்டின் விளிம்பைப் பார்த்தாள்.

"ஏன் சார், கால் குட்டைன்னு நான் முட்டு வெச்சிருந்த பட்டையை உருவிட்டீங்களா? அது இல்லேன்னா இந்த மேசையில எதை வெச்சாலும் கோணலாத்தானே நிக்கும்!"