தண்ணி ஸ்கூட்டருக்கு ஆயுத பூஜை

போன வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். மச்சினனோட தண்ணி ஸ்கூட்டரைக் கழுவித் துடைச்சு, மறுநாள் ஓட்டறதுக்குத் தயாரா வைக்கணும்.

அவ்வளவுதான். ஒன்றரை மணி நேர வேலை.

தண்ணி ஸ்கூட்டர்னா என்னன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லிடறேன். பைக் மாதிரி மேல உக்காந்து, ஏரியிலயும் கடல்லயும் ஓட்டறது. அதுக்குச் சக்கரம் கிடையாது. பிரேக் கிடையாது. வாங்கறவனுக்கு மூளையும் கிடையாது.

வாங்கினவன் கார்த்தி, என் பொண்டாட்டி வசந்தியோட தம்பி. எங்களை மாதிரி அவனும் புனேதான், விமான் நகர்ல கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். ஆறு மாசம் அமெரிக்கா போயிட்டு வந்தான். போறப்ப நீச்சல் தெரியாது. வந்தப்பவும் தெரியாது. ஆனா கோவாவுல மூடிட்டுப் போன ஏதோ ஒரு ரிசார்ட்லேருந்து இதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு வந்துட்டான்.

புனேவுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு மலைத்தொடரே குறுக்க நிக்குது. துரைக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?

அவன் குடியிருக்கற அபார்ட்மென்ட் சொசைட்டி செகரட்டரி புத்திசாலி. "பார்க்கிங்ல படகு நிறுத்த விதியில்லை"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். அதனால அது ஆகுர்டியில எங்க வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துச்சு.

"மாமா, எஞ்சின் பத்தி உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"னான்.

அந்த ஒரு வார்த்தையில குப்புற விழுந்தேன்.

உண்மையைச் சொல்லிடறேன். இருபத்திரெண்டு வருஷமா வண்டி ஃபேக்டரியில எஞ்சின் லைன்ல நிக்கறேன். அங்க என் வேலை, வர்ற ஒவ்வொரு எஞ்சின்லயும் அதே நாலு போல்ட்டை முறுக்கறது. முறுக்கினதும் எஞ்சின் அடுத்த ஆளுகிட்ட போயிடும். அது ஸ்டார்ட் ஆகற சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை. கழட்டறது என் டிபார்ட்மென்டே கிடையாது. ஆனா சொந்தக்காரங்க மத்தியில நான் பெரிய எஞ்சின் நிபுணன். அந்தப் பேரை நானும் மறுத்ததில்லை.

இந்தத் தடவை விஷயம் வெறும் ஸ்கூட்டர் இல்ல. கார்த்திக்கு முப்பத்தியொரு வயசு. மூணு இடம் தட்டிப் போச்சு. நாலாவதா பழனிவேல் சார்னு ஒருத்தர், கட்கி பக்கம் ராணுவ ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்து ரிடயர் ஆனவர், தன் பொண்ணுக்கு இவனைப் பாக்க தசரா அன்னிக்கு, அதாவது ஆயுத பூஜைக்கு மறுநாள், வர்றேன்னார்.

"வீட்ல பஜ்ஜி சொஜ்ஜி வெச்சுப் பாக்கறதெல்லாம் பழசு மாமா. ஏரிக்கு வரச் சொல்லிட்டேன். நான் ஓட்டறதை அவங்க பாக்கட்டும். மதியம் உங்க வீட்ல சாப்பாடு"னான் கார்த்தி.

சர்க்கஸ்ல சிங்கம்கூட இவ்வளவு ஆசையா கூண்டுக்குள்ள போகாது.

வசந்தி என்கிட்ட தெளிவா சொல்லிட்டா. "இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா, காரணம் நீங்களும் உங்க எஞ்சினும்தான்."

சரி, வேலைக்கு வர்றேன்.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில ஏழு மணி. கார்ப்பரேஷன் தண்ணி வர்ற நேரம். கார்த்தி அவன் வீட்லேருந்து போன்ல, வண்டியோட வந்த புஸ்தகத்தைப் பாத்துப் படிக்கிறான்.

"மாமா, முதல்ல குழாய்ல ஹோஸை மாட்டுங்க. தண்ணியைத் திறக்காதீங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டு, அப்புறம்தான் தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணி, அப்புறம் எஞ்சின். மாத்திப் பண்ணா எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடும்."

"ஏன்டா, தண்ணியிலயே ஓடற வண்டிக்குத் தண்ணி ஆகாதா?"

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு மாமா."

இவனுங்களுக்கு எல்லாத்துக்கும் புஸ்தகம். கொட்டாவி விடறதுக்கும் ஒரு புஸ்தகம் வெச்சிருப்பானுங்க. இருந்தாலும் சொன்னபடியே செஞ்சேன். எஞ்சின் போட்டேன், தண்ணி திறந்தேன், ரெண்டு நிமிஷம் ஓட விட்டேன், தண்ணியை மூடினேன்.

"இப்ப உள்ள மிச்சம் இருக்கற தண்ணி போக ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை லேசா முறுக்குங்க."

முறுக்கறதுன்னா நம்ம தொழிலாச்சே! முறுக்கினேன். லேசா இல்ல.

பின்னாடியிலேருந்து கருப்பா ஒரு தண்ணி பீச்சியடிச்சுது பாருங்க! நேரா பக்கத்து வீட்டு ஜோஷி காக்காவோட ஸ்கூட்டர் மேல. காக்கான்னா மராட்டியில சித்தப்பா. தசராவுக்காகக் காலையிலேருந்து கழுவி, துடைச்சு, சாமந்தி மாலை போட்டு நிறுத்தி வெச்சிருந்தார். வெள்ளை ஸ்கூட்டர். அதுவரைக்கும்.

"அஹோ! ஹே காய் கேலத்?"னு அலறிக்கிட்டு ஓடி வந்தார். என்ன காரியம் பண்ணி வெச்சீங்கன்னு கேக்கறார்.

"சர்வீஸிங், காக்கா"ன்னேன்.

"யாருக்கு?"ன்னார்.

அவர் ஸ்கூட்டரைத் திரும்பக் கழுவறதுல முக்கால் மணி நேரம் போச்சு. அதுக்குள்ள குழாய்ல தண்ணியும் நின்னுடுச்சு. மாடியில இருக்கறவங்க எட்டிப் பாத்து இந்தியில திட்டினதை இங்க எழுத முடியாது.

மத்தியானம் மறுபடி போன். கடைசி வேலை.

"மாமா, வண்டிக்குப் பின்னாடி, அடியில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு மூடி இருக்கும். கழட்டிட்டு முன்பக்கத்தைத் தூக்கி வைங்க. உள்ள நிக்கற தண்ணி வடிஞ்சுடும். ராத்திரி பூரா திறந்தே கிடந்து காயட்டும். காலையில மறக்காம மாட்டிடுங்க."

"யார்கிட்ட சொல்ற? என்கிட்டயா?"

கழட்டினேன். கட்டைவிரல் தண்டியில ரெண்டு கருப்பு பிளாஸ்டிக் மூடி. தொலைஞ்சுடக் கூடாதேன்னு, ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் வெச்சிருந்த எவர்சில்வர் தட்டிலேயே பத்திரமா போட்டேன். என் வாழ்க்கையில பொறுப்பா செஞ்ச ஒரே காரியம் அதுதான். அதுதான் எங்களைக் கவுத்துச்சு.

சாயங்காலம் வசந்தி அந்தத் தட்டை அப்படியே தூக்கிக்கிட்டுப் போய் சாமி முன்னாடி வெச்சா. ஸ்பேனருக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, அதுல இருந்த எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். வாசல்ல தண்ணி ஸ்கூட்டரோட மூக்குலயும் சந்தனப் பொட்டு வெச்சு, மாலை போட்டுக் கற்பூரம் காட்டினோம்.

பூஜையில வெச்ச ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியற வரைக்கும் தொடக் கூடாது. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஏரிக்குத் தெரியாது.

தசரா. காலையில ஆறரைக்கெல்லாம் கார்த்தி ஜீப்போட வந்து ஹாரன் அடிக்கறான். கண்ணுக்குக் கூலிங்கிளாஸ். சூரியனே இன்னும் வரலை.

வசந்தி, "இருங்கடா, சுண்டல் வேகலை. மறுபூஜை முடிஞ்சதும் தட்டை எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னா.

"அக்கா, அவங்க அங்க வந்து காத்துக்கிட்டிருப்பாங்க!"

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேன். "நீ மெதுவா பண்ணு வசந்தி. ஸ்பேனரெல்லாம் வேண்டாம். நான் சர்வீஸ் பண்ண வண்டிக்கு வழியில டூல் தேவைப்படாது."

டிரெய்லரோட ரெண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டுக் கிளம்பினோம்.

முல்ஷி பக்கம் ஏரிக்கரை. பழனிவேல் சார், அவர் சம்சாரம், பொண்ணு மூணு பேரும் வந்து நின்னாங்க. மனுஷர் பையனைப் பாக்கலை. நேரா வண்டிகிட்ட போய்ட்டார். ஃபிட்டர் புத்தி.

"தம்பி, சர்வீஸ் பண்ணது நீங்களா?"

"ஆமா சார். எல்லாம் நானே."

"எங்க ஃபேக்டரியில ஒரு பழக்கம். கழட்டினதை எண்ணுவோம், மாட்டினதை எண்ணுவோம், ரெண்டும் சரியா இருந்தாத்தான் வெளிய அனுப்புவோம். தண்ணியில விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்துடலாமா?"

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துடுச்சு. ரிடயர் ஆனாலும் இவங்களுக்கு சூப்பர்வைசர் வேலை போகாது போலிருக்கு!

"சார், இருபத்திரெண்டு வருஷமா எஞ்சின்ல கை வெக்கறேன். எண்ணறதெல்லாம் புதுசா வர்ற அப்ரெண்டிஸ்தான் பண்ணுவான்."

அவர் லேசா தலையாட்டிட்டு நகந்துட்டார்.

மாலையைக் கழட்டிட்டு வண்டியைத் தண்ணியில இறக்கினோம். கார்த்தி ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையை மாட்டிக்கிட்டு ஏறினான். பட்டனை ஒரே அமுக்கு. ஸ்டார்ட்!

"பரவாயில்லையே, நல்லா வெச்சிருக்கீங்க"ன்னார் பழனிவேல் சார்.

அந்த நிமிஷம் நான் தரையில நிக்கலை.

கார்த்தி ஒரு வட்டம் அடிச்சான். ரெண்டு வட்டம் அடிச்சான். தண்ணி சும்மா சிதறுது. பொண்ணு முகத்துல சிரிப்பு. வேகமா ஓடற வரைக்கும் ஒரு கோளாறும் இல்ல. மூணாவது வட்டத்துல அந்த மகராசன், ஏரிக்கு நட்ட நடுவுல எஞ்சினை நிறுத்திட்டு, பொண்ணைப் பாத்துக் கையாட்டினான்.

நாங்களும் கையாட்டினோம்.

அவன் திரும்பவும் கையாட்டினான். கொஞ்சம் வேகமா.

நாங்களும் வேகமா ஆட்டினோம்.

வண்டியோட மூக்கு மெதுவா மேல எழும்புச்சு. நான் பழனிவேல் சார் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், வீலிங் பண்றான்!"னேன்.

அவர் கண்ணை இடுக்கிப் பாத்துட்டு சொன்னார். "தம்பி, மூக்கு மேல போகலை. வால் கீழ போகுது."

அப்பத்தான் என் மொபைல் அடிச்சுது. வசந்தி.

"என்னங்க, மறுபூஜை முடிஞ்சுது. தட்டைக் காலி பண்ணேன். பொட்டு வெச்ச ரெண்டு கருப்புத் திருகு இருக்கே, இது எதோடது?"

நான் ஏரியைப் பாத்தேன். கார்த்தி சட்டை புண்ணியத்துல மிதந்துக்கிட்டிருந்தான். கூலிங்கிளாஸ் போயிடுச்சு. வண்டியில மூக்கு மட்டும் தெரியுது. அதுல சந்தனப் பொட்டு பளிச்சுனு இருந்துச்சு.

"என்னங்க, கேக்குதா? எங்க வைக்கட்டும்?"

"அங்கேயே இருக்கட்டும்"னேன்.

மீன்பிடிக்கற ஒரு மராட்டிக்காரர் படகுல போய்க் கார்த்தியை ஏத்திக்கிட்டு, வண்டியைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு வந்தார். கரையேறின கார்த்தி என்னைப் பாத்த பார்வையில மாமாங்கற மரியாதை துளியும் இல்ல. வெக்கமா இருந்துச்சு. நிஜமாவே பூமி பிளந்தா உள்ள போயிடலாம்னு தோணுச்சு.

பழனிவேல் சார் குனிஞ்சு பின்பக்கத்தைப் பாத்தார். ரெண்டு ஓட்டையிலயும் ரெண்டு விரலை விட்டுப் பாத்தார். நிமிந்தார்.

"மூடி எங்க தம்பி?"

"பூஜையில சார்."

மனுஷர் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். சிரிக்கவும் இல்ல. "சாமிகிட்ட இருக்கா. அப்ப பத்திரமாத்தான் இருக்கும்"னார்.

நாலாவது இடமும் போச்சுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடறப்ப வசந்தி எனக்குச் சுண்டல்கூட வைக்கலை. ஆனா ரெண்டு நாள் கழிச்சு சம்மதம்னு போன் வந்துச்சு. பொண்ணே சொல்லிடுச்சாம். "மூழ்கறப்பகூட பதறாம என்னைப் பாத்துக் கையாட்டிக்கிட்டே இருந்தாருப்பா. அந்த நிதானம் எனக்குப் பிடிச்சிருக்கு."

காப்பாத்துங்கடான்னு ஆட்டின கை அது. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட நானும் சொல்லலை, கார்த்தியும் சொல்லலை.

தை மாசம் கல்யாணம். தாலித் தட்டை ஒவ்வொருத்தர்கிட்டயா தொட்டுக் கும்பிடக் காட்டிக்கிட்டு வந்தாங்க. என்கிட்ட வந்ததும் பழனிவேல் சார் நிறுத்தச் சொன்னார்.

"மாட்டறதுக்கு முன்னாடி தம்பி ஒரு தடவை எண்ணிடட்டும்"னார்.

முந்நூறு பேர் முன்னாடி, குனிஞ்சு எண்ணினேன்.